பழையது வேறு, பழுதானது வேறு



ரமழான் நெருங்கும்போது நமது வீடுகளில் ஒரு வேலை ஆரம்பமாகும். அலுமாரிகள் திறக்கப்படும். பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட உடுப்புகள், மூடி உடைந்த கேத்தல், கால் ஆடும் நாற்காலி, ஓடாத மின்விசிறி எல்லாம் ஒன்றுசேர்ந்து, "பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள், ஏழைகளுக்கு உதவும்" என்ற சொல்லோடு வாசலுக்கு வரும். அந்த மூட்டைக்குள் ஸதகாவும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. எது எது என்பதை மூட்டையைக் கட்டுவதற்கு முன்னரே பிரித்தறிய வேண்டியவர்கள் நாம்தான்.

இந்தப் பிரச்சினை நமது காலத்தில் தோன்றியதன்று. மதீனாவில் அன்ஸாரித் தோழர்கள் பேரீச்சை அறுவடைக் காலத்தில் பழக்குலைகளைக் கொண்டுவந்து மஸ்ஜிதுந் நபவியின் தூண்களுக்கிடையே தொங்கவிடுவார்கள். திண்ணையில் தங்கியிருந்த ஏழை ஸஹாபாக்கள் பசித்தபோது அக்குலைகளைத் தடியால் தட்டி உண்பார்கள். ஆனால் சிலர் உலர்ந்துபோன, கொட்டை முற்றாத, முறிந்த குலைகளையும் அங்கே தொங்கவிட்டார்கள். அப்போதுதான் ஸூரதுல் பகராவின் 267 ஆவது வசனம் இறங்கியது என்று பராஃ இப்னு ஆஸிப் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. உங்களுக்கே ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கமாட்டீர்கள் என்ற நிலையிலுள்ள மட்டமான பொருளைத் தேடியெடுத்து தர்மம் செய்யாதீர்கள் என்பதே அவ்வசனத்தின் கருத்து. அதன் பின்னர் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த நல்லதையே கொண்டுவந்தார்கள் என்றும் அதே அறிவிப்புக் கூறுகிறது.

கவனியுங்கள். புதியதை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. ஐந்து வருடம் பாவித்த தையல் இயந்திரம் பழையது. ஆனால் அது ஒரு விதவைத் தாயின் வீட்டில் அடுப்பெரியச் செய்யும். நேற்று வாங்கிக் கிழிந்த சப்பாத்து புதியது. அது எவருக்கும் உதவாது.

2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி நமது கிழக்குக் கரையைத் துடைத்துச் சென்றபோது உதவிப் பொருட்கள் மலையாகக் குவிந்தன. உயிர் காத்தவை அவற்றுள் ஏராளம். எனினும் வெப்ப நாட்டுக்கு ஒவ்வாத கம்பளி உடுப்புகளும் அவற்றோடு வந்தன. அதே அலையால் பாதிக்கப்பட்ட தமிழகத்தின் நாகப்பட்டினத்தில் பழந்துணிகள் வீதியோரம் வீசப்பட்டுக் கிடந்தன. வீட்டையும் பிள்ளையையும் இழந்து நின்ற மனிதர், பிறர் கழித்த கந்தலைக் கிளறி நிற்க விரும்பவில்லை. அதில் குற்றம் அவருடையதன்று. அந்தக் குவியலை அகற்றும் செலவும் உழைப்பும் கூட நிவாரணம் செய்ய வந்தவர்கள் தலையிலேயே விழுந்தன.

வெளிநாடுகளில் வாழும் நமது உறவினர்கள் சிலர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பொருட்களைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு பெறலாம். அதற்காகக் கொடுப்பது ஸதகாவாகுமா? முதலில் ஒரு செய்தி. 2006 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, பாவித்த உடுப்பும் வீட்டுப் பொருளும் நல்ல நிலையில் இருந்தால்தான் பொதுவாக அங்கே கழிவு கிடைக்கும். கிழிந்ததையும் உடைந்ததையும் கொடுத்துவிட்டுக் கணக்கெழுதும் வழக்கத்துக்கு அரசே தடை போட வேண்டியதாயிற்று! வரி அதிகாரி ஏற்காத பொருளை நாம் அல்லாஹ்வின் பெயரால் ஏழையிடம் கொடுப்பதா?

சட்டம் தரும் சலுகையைப் பெறுவது பாவமன்று. ஆனால் பொருளின் விலையைக் கணக்கிடுபவர் கொடுப்பவரே. நூறு டொலருக்கு வாங்கிய மேசைக்கு, இன்று பழைய பொருட்கடையில் என்ன கிடைக்குமோ அதையே எழுத வேண்டும். பத்துப் பெறுமதியானதை நூறு என்று எழுதினால், தர்மத்தின் பெயரால் பொய் சொன்னதாகும். மேலும் 2018 முதல் அங்கே பொதுக் கழிவுத் தொகை ஏறத்தாழ இருமடங்காக்கப்பட்டதால், பெரும்பாலானோர் கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடுவதில்லை. அவர்களுக்கு இந்த மூட்டையால் வரியில் ஒரு சதமும் குறையாது. அப்படியிருந்தும் கொடுப்பீர்களா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்பவர் தமது நிய்யத்தை அறிந்துகொள்வார். நமது நாட்டில் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனங்களுக்கு தனிநபர் பணமாக வழங்கும் நன்கொடைக்கே வரம்புடன் கழிவளித்தது, பழைய கட்டிலுக்கன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலர் வீட்டில் கழித்த தளபாடங்களுக்கு ஒரு விலை போட்டு ஸகாத்தில் கழித்துவிடுகிறார்கள். பணத்துக்கும் வியாபாரப் பொருளுக்கும் கடமையான ஸகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்பதே நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பழைய ஸோபா ஸதகாவாகலாம், ஸகாத் ஆகாது.

தாய்மாரே, உடுப்பைக் கழுவி, பொத்தானைத் தைத்து, மடித்துக் கொடுங்கள். பிள்ளையின் பொருளைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். தானாக மனமுவந்து கொடுத்த ஒரு பிள்ளை, பிடுங்கிக் கொடுக்கப்பட்ட பத்துப் பிள்ளைகளைவிடத் தர்மத்தை நன்கு கற்றிருக்கும். அபூதல்ஹா (ரழி) அவர்கள் தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தை அர்ப்பணிக்க வந்தபோது, அதை உறவினருக்கே வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். ஆகவே தூரத்து முகவரியைத் தேடுமுன் உங்கள் மாமி வீட்டில் குளிரூட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இளைஞர்களே, பழைய கைத்தொலைபேசியையும் கணினியையும் கொடுக்கும்போது அதிலுள்ள குடும்பப் படங்களையும் கணக்குகளையும் முற்றாக அழித்துவிடுங்கள். மின்னேற்றும் கம்பியையும் சேர்த்துக் கொடுங்கள். ஓடாத மின்விசிறியைத் திருத்திக் கொடுங்கள், முடியாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் விற்று அந்தப் பணத்தைக் கொடுங்கள். செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி மனம் நோகச் செய்வது அந்தத் தர்மத்தையே பாழாக்கும் என்று அல்குர்ஆன் எச்சரிக்கிறது. உங்கள் பாடசாலைச் சீருடை உங்கள் வகுப்பிலேயே ஒரு மாணவனுக்குப் போய்ச் சேரலாம். அவன் அதை அணிந்து வரும் காலையில் அது உங்களுடையது என்பதை நீங்கள் அறிவீர்கள். வேறு எவரும் அறியத் தேவையில்லை.