தேர்வு எதனை அளக்கின்றது?

மாணவ நண்பர்களே,

தேர்வு என்றதும் உங்களிற் பலருக்கு நெஞ்சம் படபடக்கும். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கும் ஒருமுறை அப் படபடப்பு உண்டாயிற்று.

ஒரு பருவத்தின் இறுதியில், தனி ஊசலின் அலைவு நேரத்திற்குரிய சூத்திரத்தை நிறுவுமாறு வினா விடுத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாரும் பிழையின்றி எழுதியிருந்தனர். மகிழ்ச்சியோடு மறுநாள் வகுப்பிற்குச் சென்று, "ஊசற் கடிகாரம் கோடையில் மெதுவாக ஓடுவது ஏன்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெப்பத்தால் ஊசலின் தண்டு நீள்கின்றது. நீளம் மிகுந்தால் அலைவு நேரமும் மிகுகின்றது. அவர்கள் எழுதிய சூத்திரத்திலேயே விடை அடங்கியிருந்தது. நினைவாற்றலை அளந்துவிட்டு, அறிவை அளந்ததாக நான் எண்ணியிருந்தேன்!

இக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1857 ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டன. கற்பித்தல் கல்லூரியின் கடமை. தேர்வு நடத்திப் பட்டம் அளித்தல் பல்கலைக்கழகத்தின் கடமை. இதனால் பாடம் தேர்வின் பின்னே ஓடலாயிற்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948 இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் கூறலாம் எனில் அது தேர்வுச் சீர்திருத்தமே என்று கருதியது.

அச் சீர்திருத்தம் பாடம் தொடங்குமுன்னரே தொடங்க வேண்டும். அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் 1956 இல் வெளியிட்ட நூல், கல்வியின் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிகளாக வகுத்தது. என் வினா முதற் படியிலேயே நின்றுவிட்டது என்பதை அந்நூலே எனக்கு உணர்த்தியது.

அடுத்த ஆண்டு, பாடத்தைத் தொடங்குமுன் மூன்று வினாக்களை எனக்கு நானே விடுத்துக்கொண்டேன். பாடத்தின் முடிவில் மாணவர் எதனைச் செய்ய வல்லவராக வேண்டும்? அதற்குச் சான்று யாது? சான்று குறைவுபடின் யான் எதனை மாற்றுவேன்? பாடப் பகுதிகளை ஒருபுறமும் ஆறு படிகளை மறுபுறமும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திற்கும் இத்தனை மதிப்பெண் என்று வரையறுத்தேன். மாதந்தோறும் சிறு தேர்வுகளும் வைத்தேன்.

முதல் தேர்வில் மதிப்பெண்கள் சரிந்தன. மாணவர் முகம் வாடினர். ஆயினும் எந்தப் பகுதியை நான் சரிவரக் கற்பிக்கவில்லை என்பது அன்றே புலப்பட்டது. மறுவாரமே அதனை மீண்டும் கற்பித்தேன். நாற்று வாடும்போதே நீர் பாய்ச்சுபவன் உழவன். அறுவடை நாளில் வறட்சியைக் கண்டு பயன் என்ன?

ஆகவே நண்பர்களே, பாடத்தின் முதல் நாளன்று உங்கள் ஆசிரியரைப் பணிவுடன் கேளுங்கள்: "ஐயா, இதனைக் கற்றபின் நாங்கள் எதனைச் செய்ய வல்லவராவோம்?" அவ்வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். ஆசிரியர் எழுதவேண்டிய முதல் தேர்வு அதுவே.