பழைய காரில் காற்றும் வெப்பமும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



பாயான் லெப்பாஸ் வெயிலில் நின்றுகொண்டு காருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றிப் பேச வந்தால், "வாத்தியாரே, நம்ம ஊருக்கு அது எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனரும், ஆமை ஓடு போல முதுகு வளைந்த ஜெர்மானிய ஃபோக்ஸ்வேகன் பீட்டலும் குளிர் நாட்டில் பிறந்தவை. நம்மில் சிலர் இன்றும் அவற்றை ஆசையாக வைத்து ஓட்டுகிறோம். ஆகவே, அவற்றின் குமிழ்களும் நெம்புகோல்களும் என்ன செய்கின்றன என்று அறிந்திருப்பது நல்லது.

ஹீட்டர் பொருத்திய மோரிஸ் மைனரில் இயந்திரத்தின் சுடுநீர்தான் வெப்பம் தருகிறது. அந்த நீர் ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடும். காற்றாடி அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். நம் ஊரில் வெந்நீர் வால்வை, தண்ணீர்ப் பைப்பை மூடுவது போல, மூடி வைப்பதே நலம். காற்றுக்கு முன்கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. இலேசாகத் திறந்தால் உள்ளே இருக்கும் புழுக்கத்தை வெளியே இழுக்கும். நன்றாகத் திருப்பினால் எதிர்க்காற்றை உள்ளே அள்ளிக் கொடுக்கும்.

மழைக்காலத்தில் கதை வேறு. நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து பாதை தெரியாமல் போகும். துணியால் துடைத்தால் மறுபடி மங்கும். அப்போது காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, கொஞ்சம் சூடும் கொடுங்கள், ஈரம் காய்ந்துவிடும்.

பாலிக் பூலாவ் பக்கம் மேட்டில் ஏறும்போது நீர் கொதிக்கத் தொடங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்து காற்றாடியைப் போடுங்கள். இயந்திரத்தின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். நமக்கு வியர்க்கும், இயந்திரம் சற்றுத் தணியும். அது தற்காலிக உதவிதான். ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.

பீட்டலில் தண்ணீரே கிடையாது. காற்றால் குளிரும் இயந்திரம். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பெட்டிகளில் சூடேறிய காற்றே உள்ளே வருகிறது. அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகையும் கூடவே வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு செல்லும் வழியை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், உடனே காரை நிறுத்தி வெளியே வாருங்கள். எந்தக் காராக இருந்தாலும் இயந்திரம் ஓட, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை உறங்க விடாதீர்கள். ஆண்டுக்கொரு முறை பட்டறையில் காரின் அடிப்பாகத்தையும் காட்டுங்கள்.

மாணவமணிகளே, ஒரு குமிழைத் திருகுவது எளிது. அதன் பின்னால் நீரா, காற்றா, புகையா என்று கேட்பவனே அறிவியல் படித்தவன். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பெற்றோர்களே, பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையோடு சேர்ந்து திறந்து பாருங்கள்.