மின்சாரமும் நம் கைகளும்
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990இல் போர் மூண்டபின் இக்குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எம் பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். பழுதானதைத் தாமே திருத்தும் கைத்திறன் வீட்டுக்கு வீடு வளர்ந்தது. அத்திறன் நமக்கும் வந்திருப்பது பெருமையே. ஆனால், அந்த டைனமோவின் மின் 6 வோல்ற்று. இன்று நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ற்று. முன்னது தவறைப் பொறுத்தது; பின்னது பொறாது.

60 வாற்று மின்குமிழ் ஏறக்குறைய 260 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அதிற் பாதிக்கும் குறைவான 100 மில்லி அம்பியர் மார்பினூடே பாய்ந்தாலே இதயம் தாளந்தப்பி நின்றுவிடக்கூடும்.

சென்ற ஆண்டு எங்கள் கிணற்றடி மோட்டர் ஓடவில்லை. வீட்டினுள் சுவிச்சை நிறுத்திவிட்டு, எவரிடமும் சொல்லாமல், மூடியைக் கழற்றினேன். தண்ணீர் வரவில்லையே என்று தாயார் சுவிச்சைப் போட்டார். அடிபட்டுப் பின்னே விழுந்தேன். காலிற் கிடந்த இறப்பர்ச் செருப்பும் இறைவன் திருவருளுமே காத்தன. இன்றும் என் பெயரைச் சொல்லி அழைத்து, நான் மறுமொழி சொன்ன பின்னரே தாயார் அந்தச் சுவிச்சைத் தொடுகிறார்.

தவறு தாயாருடையதன்று, சொல்லாத என்னுடையது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு 1989இல் ஒரு விதி வகுத்தனர். பழுது பார்ப்பவர் மின்னைத் துண்டித்து, அவ்விடத்திற் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். நம் வீட்டிற் பூட்டு இல்லாவிடினும், மெயின் சுவிச்சருகே ஒருவரை நிறுத்தலாம். ஒரு கடதாசியில் எழுதி ஒட்டலாம்.

பொருளின் சுவிச்சை மட்டும் நம்பலாகாது. அது தவறான கம்பியிற் பொருத்தப்பட்டிருந்தால், நிறுத்திய பின்னும் உள்ளே மின் இருக்கும். ஆதலால் மெயினையே நிறுத்துங்கள். நிறுத்துமுன், மின் உள்ள இடத்தில் ரெஸ்ரர் எரிகிறதா என்று பாருங்கள். நிறுத்தியபின், பழுதான இடத்தைச் சோதியுங்கள். மோட்டரின் கப்பாசிற்றர் மின் நின்ற பின்பும் சிறிது நேரம் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதன் முனைகளைத் தொடாதீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தால் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் நல்ல காவல். ஆயினும் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டவரை அது காவாது. ஈரநிலமும் வெறுங்காலும் எந்நாளும் வேண்டா. திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டும் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

ஒருவரை மின் பற்றினால் ஓடிச்சென்று அவரைப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். பின் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்ட திருமூலர் வழிவந்தவர்கள் நாம். அக்கோயிலைக் காப்பதும் தொண்டே. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவது கோழைத்தனமன்று.