பனைமட்டைத் துப்பாக்கி



பிள்ளைகள் பனைமட்டையைத் துப்பாக்கியாக ஏந்திப் போர் விளையாடுவதைக் கண்டால் நாம் பதறுகின்றோம், அடித்துத் தடுக்கின்றோம். 1983 முதல் 2009 வரை போரின் கொடுமையை அனுபவித்த நமக்கு அவ்வச்சம் இயல்பே. சுவீடன் நாட்டார் 1979இல் போர்ப் பொம்மைகளின் விற்பனையைக் கைவிட உடன்பாடு கண்டனர். ஆனால் கடைப் பொம்மையை நிறுத்தலாம். பிள்ளையின் கற்பனையை நிறுத்தவியலுமா?

விளையாட்டில் வீழ்ந்தவன் உடனே எழுகின்றான். பகைவனும் நண்பனும் மறுகணமே இடம் மாறுகின்றனர். பகையை ஊட்டுவது மட்டையன்று. திண்ணையில் நாம் பேசும் பேச்சே. ஆகவே மட்டையைப் பறியாது, நம் நாவை அடக்குவோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் தடுப்போம். வயலிலும் பற்றையிலும் கிடக்கும் இனந்தெரியாத இரும்பெதையும் பிள்ளைகள் தொடலாகாது. போர் விட்டுச்சென்ற வெடிபொருளுக்கு விளையாட்டுத் தெரியாது!