கோபுலுவின் கோடும் சிவாஜியின் கன்னமும்



மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் பரணில் இன்னமும் ஒரு பொருள் கிடக்கும். பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, நூல் கோத்துத் தைத்து, அட்டை போட்டது. ஒரு பக்கத்தில் கதை ஓடும். திருப்பினால் பாதி சிரிப்புத் துணுக்கும் பாதி தைல விளம்பரமுமாக இருக்கும். கதைக்கு நடுவே ஒரு படம். படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து.

ஜப்பானில் இந்தப் பைண்டிங் வேலையைப் பதிப்பகமே செய்துவிடுகிறது. அங்கே வாரப் பத்திரிகைகளில் வரும் படக்கதைக்கு மங்கா என்று பெயர். சில மாதத்து அத்தியாயங்கள் சேர்ந்ததும் அவற்றைத் தனித் தொகுதியாக அச்சிடுவார்கள். கதை பிடித்துப்போனால் அதே படங்களுக்கு அசைவு கொடுத்துத் தொலைக்காட்சித் தொடராக்குவார்கள்; அது அனிமே. அதற்கும் மேலே போய் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தால் லைவ் ஆக்‌ஷன்.

எய்ச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' இந்த மூன்று படிகளையும் ஏறிய கதை. மங்கா 1997-இல் தொடங்கியது. 1999-இல் அனிமே வந்தது. அது ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் நடிகர்கள் நடித்த தொடர் வெளியானது. அனிமேயில் ஏறக்குறைய 45 எபிசோடுகளில் வந்த கதையை எட்டே எபிசோடுகளில் சொல்லி முடித்தார்கள்.

இந்த மூன்றையும் ஒப்பிட்டு வாதம் செய்யாத கல்லூரிப் பிள்ளைகள் சென்னையில் குறைவு. தி.நகரில் ஒரு வீட்டில் பேரன் கைப்பேசியில் 'ஒன் பீஸ்' தொடரின் நாயகனைப் பார்த்து, "படத்துல இருக்கற லூஃபி மாதிரியே இல்லையே" என்று அலுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, 2022-இல் மணி ரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததிலிருந்து வேறொரு குறையைச் சொல்லிக்கொண்டிருப்பார்: "அந்தப் படத்துல மணிமேகலையையே காணோமேடா!"

இரண்டும் ஒரே புலம்பல் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு.

மங்காவில் படம்தான் கதை. எழுதுவதும் வரைவதும் பெரும்பாலும் ஒரே ஆள். லூஃபியின் உடம்பு ரப்பர் போல நீளும் என்று ஓடா விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; கையை நீட்டி வரைந்துவிட்டால் போதும். கோட்டுக்கு எலும்பும் கிடையாது, எடையும் கிடையாது. அனிமே அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடவிடுகிறது. நிஜ மனிதனின் கை பத்தடி நீண்டாலோ, பார்ப்பவருக்கு முதலில் சிரிப்பு வரும், அல்லது உடம்பு கூசும். நெட்ஃபிளிக்ஸ் தொடரை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கேப் டவுனில் கப்பலை நிஜமாகவே கட்டினார்கள்; ஓடாவையே நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். ரப்பர் கையை அளவோடு காட்டி, முகங்களுக்கு அதிக நேரம் கொடுத்தார்கள். இன்னொரு மங்காவிலிருந்து 2009-இல் வந்த 'டிராகன்பால் எவல்யூஷன்' படத்தில் இந்தக் கவனமெல்லாம் இல்லை. அதற்குத் திரைக்கதை எழுதியவரே 2016-இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

தமிழ்த் தொடர்கதையின் அமைப்பு வேறு. எழுதுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர். படம் கதைக்குத் துணையாக வரும், கதையாகிவிடாது. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அதற்கு வரைந்தவர் மணியம். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முதலில் முகம் கொடுத்தது அவருடைய தூரிகை. பிறகு அதே இதழ் கதையை மீண்டும் மீண்டும் வெளியிட்டது. அப்போது வினு வரைந்தார், மணியம் செல்வன் வரைந்தார், பத்மவாசன் வரைந்தார், வேதா வரைந்தார். ஆக, 'படத்தில் இருந்த மாதிரி இல்லை' என்று யாராவது சொன்னால், எந்தப் படம் என்று திருப்பிக் கேட்கலாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வந்தியத்தேவன் இருந்தான்.

அதனால்தான் படத்தில் வந்தியத்தேவனாக வந்த கார்த்தியின் முகத்தைப் பற்றி வீடுகளில் பெரிய சண்டை வரவில்லை. சண்டை வந்ததெல்லாம் விட்டுப்போனவற்றைப் பற்றித்தான். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. மணி ரத்னத்தின் படமோ வால்நட்சத்திரத்தோடும் ஆதித்த கரிகாலனின் போரோடும் தொடங்குகிறது. நாவலின் கடைசியில் நெஞ்சை அறுக்கும் மணிமேகலை, 2022-இல் வந்த முதல் பாகத்திலும் இல்லை, 2023-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் இல்லை. பாட்டியின் கோபம் முகத்தைப் பற்றியதல்ல, கணக்கைப் பற்றியது: நாவலின் ஐந்து பாகத்தில் எது போயிற்று என்ற கணக்கு.

இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவர முதலில் முயன்றவர்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். 1958-இல் உரிமையை வாங்கினார். பின்னாளில் இயக்குநரான மகேந்திரனை உட்கார வைத்துத் திரைக்கதை எழுதச் சொன்னார். அது நடக்கவில்லை. எம்.ஜி.ஆரின் தி.நகர் ஆற்காடு தெரு நினைவு இல்லத்துக்குப் போகிறவர்கள், அவர் நடித்த வேடங்களின் படங்களைப் பார்க்கலாம். நடிக்காமல் போன வந்தியத்தேவனைப் பார்க்க முடியாது. சினிமாவுக்கு முன்னால் மேடைதான் முந்திக்கொண்டது. 1999-இல் 'மேஜிக் லான்டர்ன்' நாடகக் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் முழுக் கதையையும் திறந்தவெளி நாடகமாகப் போட்டது. அதற்கு நாடக வடிவம் கொடுத்த குமரவேல், இருபது வருஷத்துக்குப் பிறகு மணி ரத்னத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார்.

கோடு தோற்று உடல் ஜெயித்த இடம் ஒன்று உண்டு என்றால், அது 'தில்லானா மோகனாம்பாள்'.

1950-களின் பிற்பாதியில் 'ஆனந்த விகட'னில் கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற புனைபெயரில் எழுதிய தொடர் அது. வரைந்தவர் கோபுலு. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாதஸ்வரக் கச்சேரியும் சதிர் மேடையும் அவர் வளர்ந்த ஊர்க்காட்சிகள். சிக்கல் சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் சவடால் வைத்தியையும் வாசகர்கள் முதலில் பார்த்தது அவர் கோட்டில்தான்.

ஆனால் ஒரு சங்கடம். இது ஒரு நாதஸ்வரக்காரரின் கதை. காகிதத்துக்குக் குரல் கிடையாது. சீவாளியை உதட்டில் வைத்த தோரணையை வரையலாம், ஏழு துளைகளின் மேல் விரல்கள் படிந்திருப்பதை வரையலாம், கன்னம் உப்பியிருப்பதை வரையலாம். தில்லானாவை வரைய முடியாது. வாசகர் தமக்குத் தெரிந்த கச்சேரியை நினைவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

1968-இல் ஏ.பி. நாகராஜன் இதைப் படமாக எடுத்தபோது அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் நிரப்பினார். கே.வி. மகாதேவன் இசை. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் வாசிப்பவர் போலத் தெரிந்தவர் சிவாஜி கணேசன். ஒரு காட்சியை மட்டும் கூர்ந்து பார்த்தால் போதும். மூச்சை உள்ளே இழுக்கும் இடத்தில் தோள் ஏறுகிறது. நீண்ட ஸ்வரம் முடியும் வரை கன்னம் தளரவில்லை. பிருகா உதிரும் இடத்தில் விரல்கள் தனித்தனியே எழும்புகின்றன. வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்த பிறகும் வாய் ஒரு நொடி அந்த வடிவத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் தவில்காரராக டி.எஸ். பாலையா, தலையை ஆட்டும் விதத்திலேயே தாளத்தைச் சொல்கிறார். எதிரே பத்மினி. 'நலந்தானா' பாட்டில் குணமாகித் திரும்பிய சண்முகசுந்தரத்தை அவர் கண்ணாலேயே விசாரிக்கும்போது, கதை வார்த்தையிலும் இல்லை, படத்திலும் இல்லை. இரண்டு பேர் மூச்சுவிடும் இடைவெளியில் இருக்கிறது. கோபுலு எவ்வளவு பெரிய ஓவியரானாலும் அவர் கையில் இருந்தது ஒரு நொடி மட்டுமே.

கோட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிக்க முடியுமா என்றும் சென்னை சோதித்துப் பார்த்திருக்கிறது. 2014-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்', நடிகரின் அசைவுகளைப் பதிவு செய்து கணினியில் உருவம் கொடுத்த படம். ரஜினியின் நடை இருந்தது, ரஜினியின் குரல் இருந்தது. கண்ணில் மட்டும் ஆள் இல்லை. அதே படத்தில் 2009-இல் காலமான நாகேஷையும் கணினியில் எழுப்பினார்கள். 1968-இல் சவடால் வைத்தியாக வந்து, ஒரு குனிவிலும் ஒரு இளிப்பிலும் கோபுலுவின் கோட்டையே மறக்கடித்த அதே நாகேஷ்! இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் வேறு பாடம் தேவைப்படாது.

ஆகவே அனிமேயா, லைவ் ஆக்‌ஷனா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அந்தக் கதையில் முதலில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். ரப்பர் கைக்குக் கோடு போதும். அங்கே நடிகர் கூடுதல் சுமை. நாதஸ்வரத்துக்குக் கோடு போதாது. அங்கே மூச்சு விடுகிற உடம்பு வேண்டும். சோழ நாட்டின் ஐந்து பாகத்துக்கு இரண்டுமே போதாது. அதற்கு வேண்டியது நேரம். ஐந்தரை மணி நேர சினிமாவைவிட மூன்றரை வருஷ வாரப் பத்திரிகைதான் அதற்குத் தோதாக இருந்தது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதைகளின் புத்தகப் பதிப்புகள் பலவற்றில் பழைய ஓவியங்கள் இருப்பதில்லை. மணியமும் கோபுலுவும் வாராவாரம் வரைந்தவை இன்றைக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தப் பைண்டு புத்தகங்களில்தான். அடுத்த முறை பரணை ஒழிக்கும்போது, பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகுமுன் அட்டையைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், அடையாறைத் தாண்டியதும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் இதழ்களைச் சேகரித்துப் பாதுகாப்பது அவர்களுடைய வேலை. எடைக்குப் போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.