கைதிகளுக்கும் ஒரு தோம்பு வேண்டும்



காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். குடிநீரின்றி உள்ளிருந்தோர் பணிந்தனர். இலங்கைத் தீவைப் பன்றித் தொடையாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் என்று பொருள்படும் ஹமன்ஹீல் என்னும் பெயரை இதற்கு இட்டனர். பின்னர் அது சிறையாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் கடற்படையினரின் உல்லாச விடுதியாயிற்று. கைதிகள் உறங்காதிருந்த மதில்களுக்குள் இன்று விருந்தினர் பணங்கொடுத்துத் துயில்கின்றனர்.

விருந்தினர் வருகையை நாம் வெறுக்கவில்லை. தோணிக்காரருக்கும் மீனவருக்கும் தோட்டஞ் செய்வோருக்கும் நாலு காசு கிடைக்குமாயின் நன்றே. நாம் கேட்பது வேறு. அங்கே அடைக்கப்பட்டோர் யாவர்? எந்தச் சட்டத்தின்கீழ்? எத்தனை நாள்?

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சிறைப்பட்ட சிங்கள இளைஞர் சிலர் இக்கோட்டையில் வைக்கப்பட்டனர். அவர்கள் நம் இனத்தவரல்லர், நம் கொள்கையினருமல்லர். ஆயினும் அவர்கள் கதை நம் கதையே. கிளர்ச்சியாளரை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் பிறந்தது. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்ற பழைய காவலை அது தகர்த்தது. 1977இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் வேர் அழியவில்லை. 1979இல் தற்காலிகமென வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது மீண்டும் துளிர்த்தது. இம்முறை அதன் முள் தைத்தது நம் பிள்ளைகளை! அயலான் காணியிற் களை முளைக்கும்போது வாளாவிருந்தால், அடுத்த மாரிக்கு அது நம் வயலில் நிற்கும் என்பதை உழவருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?

அந்தமான் சிறை 1979இல் தேசிய நினைவகமாயிற்று. கைதிகளின் பெயர்கள் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறை 1997இல் அரும்பொருளகமாயிற்று. முன்னாட் கைதிகளே வந்தோருக்கு வழிகாட்டினர். இவற்றால் அங்கே பயணிகள் குறைந்தாரில்லை.

ஒல்லாந்தர் நம் காணிகளுக்குத் தோம்பு எழுதினர். ஒரு பரப்புத் தோட்டத்துக்கும் உரியவன் பெயர் ஏட்டில் ஏறிற்று. மண்ணுக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா? கோட்டை வாயிலில், அடைக்கப்பட்டோரின் பெயரும் சட்டமும் நாளும் மும்மொழியிலும் பொறிக்கப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிறைப் பதிவேடுகளைக் கோருவோம். நம் சட்டத்தரணிகள், உயிரோடிருக்கும் கைதிகளின் சாட்சியங்களை, அவர் எவ்வினத்தவராயினும், சத்தியக் கடதாசியாகப் பதிந்து வைக்க முன்வருக! அப்பதிவு கையிலிருந்தால், இக்கொடுஞ்சட்டம் வேறு பெயரில் வரும் நாளில் அதனை நாம் இனங்கண்டு எதிர்க்கலாம்.