கன்வர்ட்டர் இல்லாத வண்டி

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலர் முதன்முதலாக வாங்குவது, மாற்றலாகிச் செல்லும் ஒருவர் விற்றுப்போகும் பழைய காரையே. விலை படியும் வேளையில் விற்பவரோ உடன்வந்த மிஸ்திரியோ, "கன்வர்ட்டரை எடுத்தாயிற்று, வண்டி இலேசாக ஓடும், பெட்ரோலும் மிச்சம்" என்று சொல்வதுண்டு. இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பதை வினையூக்கி மாற்றி என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பே அலுவலாகக் கொண்ட எங்களுக்கும் இச்சொல்லைப் பட்டறையில் சொல்லத் துணிவில்லை. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே, உலோகக் கூட்டுக்குள், தேனடை போன்ற பீங்கான் அமைப்பு அது. அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும், சூடேறிய இப்பூச்சு கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடுகிறது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில், 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் பூச்சைக் கெடுக்குமாதலால், ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது.

புகைவழியில் உள்ள தடையை நீக்கினால் எஞ்சின் எளிதாக மூச்சுவிடும் என்பது மிஸ்திரியின் வாதம். அது முற்றும் பொய்யன்று. அடைபட்டுப்போன கன்வர்ட்டர் எஞ்சினின் கழுத்தை நெரிக்கவே செய்யும். மேட்டில் வண்டி இழுக்காது. அதை எடுத்ததும் இழுவை திரும்பக் கண்டவர், எல்லாக் கன்வர்ட்டரையும் பழிக்கத் தொடங்குகிறார். அது ஏன் அடைபட்டது என்று அவர் கேட்பதில்லை. எஞ்சின் ஆயில் உள்ளே எரிந்திருக்கும். அல்லது ஸ்பார்க் பிளக் பழுதால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரை அடைந்து, அங்கே எரிந்து, பீங்கானை உருக்கியிருக்கும். அந்த நோய் எஞ்சினிலேயே தங்கிவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள கன்வர்ட்டர் தரும் தடையோ மிகச் சிறிது. அலுவலகம் போய்வருபவருக்கு அது தெரியவே தெரியாது.

மைலேஜ் கணக்கு இன்னும் விசித்திரம். இக்கால எஞ்சினில் பெட்ரோலை அளந்து கொடுப்பது ஒரு சிறு கணிப்பொறி. கன்வர்ட்டருக்கு முன்னே உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை அறிந்து சொல்ல, அதற்கேற்ப அது அளவைக் கூட்டும், குறைக்கும். கன்வர்ட்டர் இல்லை என்பதற்காக அது பெட்ரோலைக் குறைத்துவிடாது. வெட்டி ஒட்டிய குழாயில், சென்சாருக்கு முன்பாகக் கசிவு ஏற்பட்டால் வெளிக்காற்று புகும். பெட்ரோல் போதவில்லை என்று மயங்கிக் கணிப்பொறி மேலும் கொடுக்கும். மிச்சம் பிடிக்கப்போய்ச் செலவே மிகும். பின்னேயுள்ள இரண்டாவது சென்சார், கன்வர்ட்டர் தன் கடமையைச் செய்கிறதா என்று பார்ப்பது. இல்லையெனில் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். எந்நேரமும் எரியும் விளக்கை யார் மதிப்பார்? பிறகு மெய்யான கோளாறு வந்தாலும் எரிவது அதே விளக்குத்தான்.

உரிமையாளர் அறியாமலே கன்வர்ட்டர் மறைவதும் உண்டு. உள்ளிருக்கும் உலோகங்களுக்காகத் திருடர்கள் அதைக் கழற்றிச் செல்கின்றனர். காலையில் கிளப்பியதும் புதிய இரைச்சலும் கண்ணை எரிக்கும் நெடியும் தோன்றினால் உடனே அடியில் பார்க்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பற்றிக்கொள்ளும். டில்லிக் குளிர்காலத்தில், புகை மேலெழாது தெருவிலேயே தங்கும் நாட்களில், பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காது காத்திருக்கும் வண்டி நம்முடையதாகவும் இருக்கலாம்.

பழைய வண்டி வாங்குவோர் அதை உயரத்தில் ஏற்றிக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கு சாவியைத் திருப்பியதும் ஒளிர்ந்து, எஞ்சின் கிளம்பியபின் அணையவேண்டும். ஒளிரவே இல்லையெனில் அதைத் துண்டித்திருக்கிறார்களோ என்று ஐயுற இடமுண்டு. விலை பேசுவதை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.